கடிபட்டதை எடுத்து வைப்பவர்

சிஸ்டரக்கா வீட்டுக்குப் போனால் தரையைப் பார்த்துத்தான் காலை வைக்க வேண்டும். வாசல்படியைத் தாண்டியதும் ஒரு பெயிண்ட் டப்பா. அடுப்படி மூலையில் ஒரு பிளாஸ்டிக் அன்னக்கூடை. கட்டிலுக்கு அடியில் நீல பக்கெட். குளியலறையில் ஒன்று, பீரோவுக்குப் பக்கத்தில் ஒன்று. எல்லாவற்றிலும் கடல் தண்ணீர், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மீன். ஒவ்வொன்றுக்கும் மெல்லிய குழாய் வழியாகக் காற்று போய்க்கொண்டிருக்கும். ஹாலில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி. அதில் கடிக்கிற மீன் ஒன்று, இன்னும் கடிபடாத மீன்கள் இரண்டு.

அவருடைய கணவர் எண்ணூர்ப் பக்கம் வேலையில் இருந்தார். சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போவார். "குளிக்கப் போனா அது என்னையே பாத்துக்கினு கீதும்மா, எப்படிக் குளிக்கிறது?" என்று என்னிடம் ஒருமுறை முறையிட்டார். அக்கா உள்ளேயிருந்து, "வால் பாதி இல்ல அதுக்கு. நீங்க கண்ண மூடிக்கினு குளிங்க" என்றார்.

பழவேற்காடு ஏரிக்கரையில் எங்களுடையது ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அக்கா அங்கே மூத்த நர்ஸ். நான் ஒப்பந்தத்தில் சேர்ந்த லேப் டெக்னீஷியன். எனக்குப் பொன்னேரிக்குக் கிழக்கே நெல் விளையும் ஊர்; மீனைக் குழம்பில் பார்த்ததோடு சரி. அக்காவோ அதே கரையில் பிறந்தவர். அந்த ஊரில் மீனைத் தொட்டியில் விட்டு விளக்கு போட்டு வளர்ப்பது என்றால் சிரிக்காத ஆள் இல்லை. ஊசி போட வரும் பெண்கள்கூட, "சிஸ்டரு, உன் மீனு பெருசாயிருச்சா, மொளகா அரைக்கட்டா?" என்பார்கள்.

எதற்கு வளர்க்கிறீர்கள் என்று நானும் கேட்டேன்.

"பொறந்ததுலருந்து மீனச் செத்துதான் பாத்துக்கினு கீறேன். கூடையில, பலகையில, அருவாமணையில. அது உசுரோட சும்மா கீறத உக்காந்து பாக்கணும்னு ஆச."

அந்த ஆசைக்கு அவர் தேர்ந்தெடுத்த மீன் கீச்சான். வெள்ளி உடம்பில் வளைந்த கறுப்புக் கோடுகள். பிடித்தால் கீச்சென்று சத்தம் போடும். ஏரிக்கரை ஓரத்தில் விரல் நீளக் குஞ்சுகளாகக் கூட்டம் கூட்டமாகத் திரியும். கால் காயத்துக்குக் கட்டு மாற்ற வந்த படகுக்காரர் ஒருவர் ஐந்தைப் பிடித்து வந்து கொடுத்தார். கூட்டமாகப் பிறந்தவை, கூட்டமாக வளர்ந்தவை, கூட்டமாகத்தானே இருக்கும் என்று அக்கா நினைத்தார். முதல் பத்து நாள் அப்படித்தான் இருந்தன. ஐந்தும் ஒரே பக்கம் திரும்பும், ஒரே பக்கம் போகும். நான்கூட வேலை முடிந்து போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

பதினோராம் நாள் ஒன்றின் வால் ஓரம் கிழிந்திருந்தது. பிறகு இன்னொன்றின் பக்கத்துடுப்பு. யார் கடிக்கிறது என்பது இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. மற்றவற்றைவிடக் கொஞ்சம் தடித்தது, தொட்டியின் இடது மூலைக் கல்லுக்குக் கீழே மணலைத் தோண்டிப் பள்ளம் செய்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் யார் வந்தாலும் விரட்டும். கொஞ்ச நாளில் யாரும் வராவிட்டாலும் தேடிப் போய்க் கடித்தது.

கொளத்தூரில் வளர்ப்பு மீன் கடை வைத்திருந்த ஒருவரிடம் அக்கா போனில் யோசனை கேட்பார். அவர் சொன்னதையெல்லாம் செய்தார். கூட்டம் குறைவாக இருந்தால் ஒன்றையே குறிவைத்துக் கடிக்கும், நிறைய இருந்தால் கடி பரவிப்போகும் என்றார் கடைக்காரர். இன்னும் மூன்று வந்தன, எட்டு ஆயிற்று. அதற்குப் புதிதாக மூன்று வால் கிடைத்தது, அவ்வளவுதான். கல்லை இடம் மாற்றி அடுக்கினால் எது யாருடைய இடம் என்று மறந்துபோகும் என்றார். அடுக்கினோம். அரை மணி நேரம் மறந்தது. ஒரு நாளைக்கு நாலு தடவையாகத் தீனி போடச் சொன்னார். தின்று தெம்பாகக் கடித்தது. கண்ணாடி ஒன்றைத் தொட்டியின் பக்கத்தில் சாய்த்து வைத்தால் தன் பிம்பத்தோடேயே சண்டை போட்டு ஓய்ந்துவிடும் என்றார். அக்கா தன் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து சாய்த்தார். அது பாதி நாள் கண்ணாடியை முட்டியது. கண்ணாடி கடிபடாது என்று தெரிந்ததும் திரும்பி வந்து, அந்த ஆத்திரத்தையும் சேர்த்துக் கடித்தது.

ஒவ்வொரு தடவையும் அக்கா கடைசியில் செய்வது ஒன்றுதான். கடிபட்டதை வலையில் எடுத்து, தனி பக்கெட்டில் விட்டு, மருந்து கலந்து, காற்றுக்குழாய் போட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வால் வளரும். தேறியதும் தொட்டியில் விடுவார். சாயங்காலத்துக்குள் மறுபடி கிழியும். மறுபடி பக்கெட்.

"கடிக்கிறத எடுங்கக்கா" என்றேன் நான்.

"அது சிக்க மாட்டேங்குதுடி. வலையக் கண்டாலே கல்லுக்குள்ள பூந்துக்குது. அத்தப் புடிக்கணும்னா கல்லு மொத்தமும் எடுக்கணும்."

"எடுங்க."

"தண்ணி கலங்கிடும். எல்லாத்துக்கும் கஷ்டம். இது பாவம், தானா வந்து வலையில நிக்குது. சிக்கறதத்தான எடுக்க முடியும்?"

அந்த வார்த்தை எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்போது மீனைப் பற்றி மட்டும் வந்த எரிச்சல் என்று நினைத்தேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு பார்மசிஸ்ட் இருந்தார். எல்லோரிடமும் கத்துகிறவர் என்று சொல்ல முடியாது. டாக்டரிடம் குழைவார், ஆண் ஊழியர்களிடம் டீ வாங்கிக் கொடுத்துச் சிரிப்பார். நான் சேர்ந்த முதல் வாரமே என் நாற்காலியை எடுத்துப் போய் மருந்து அட்டைப்பெட்டி வைக்க ஸ்டூலாக்கிக்கொண்டார். கேட்டேன். "காண்ட்ராக்ட்டுக்கெல்லாம் நாற்காலியா? நின்னு வேலை பாத்தா ஒடம்புக்கு நல்லது" என்றார், சளிப் பரிசோதனைக்கு நின்றிருந்த பத்துப் பேர் முன்னால். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஒன்று. ரிப்போர்ட்டை நீட்டினால் வாங்காமல் கீழே விழவிடுவார். நான் ரத்தம் எடுக்கும்போது பின்னால் வந்து நின்றுகொண்டு, "கை நடுங்குது பாரு, இதுங்கிட்ட கையக் குடுக்குறீங்களே" என்று நோயாளியிடம் சொல்வார்.

சிஸ்டரக்கா எல்லாவற்றையும் பார்த்தார். பார்க்காத மாதிரி இருந்தவர் இல்லை அவர். மத்தியானம் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தன் டப்பாவிலிருந்து இறால் தொக்கைப் பாதிக்கு மேல் என் சோற்றில் போடுவார். நாற்காலி போனபோது தன் நாற்காலியைத் தந்தார். பிறகு என் மேஜையை ஊசி போடும் அறைக்கு மாற்றினார். "என் பக்கத்துல இரு, அந்தாளு இங்க வரமாட்டான்." வந்தார். பிறகு மேஜை பழைய மருந்துகள் வைக்கும் பின்னறைக்குப் போனது. ஜன்னல் இல்லாத அறை. மைக்ரோஸ்கோப்பைக் கதவு ஓரம் வைத்து வெளிச்சம் பிடித்துப் பார்த்தேன்.

ஒருநாள் அவர் அங்கேயும் வந்து, ஏதோ ஒரு ரிப்போர்ட் தாமதம் என்று மேஜையை உதைத்தார். ஸ்லைடுத் தட்டு சரிந்து விழுந்தது. பொறுக்கப்போன என் உள்ளங்கையில் கண்ணாடி ஆழமாகக் கிழித்தது. அக்கா ஓடி வந்தார். கழுவினார், கண்ணாடித் துண்டு இருக்கிறதா என்று விளக்கில் பார்த்தார், இரண்டு தையல் போட்டார். அத்தனை நேர்த்தியாக யாரும் எனக்குக் கட்டுப் போட்டதில்லை. அவ்வளவு நேரமும் அந்த மனிதர் நிலைப்படியில் நின்று, "வேல தெரியாததுங்கள எடுத்தா இப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா தலை நிமிரவில்லை.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து ஒரு பெண் புருவம் கிழிந்து வந்தாள். கணவன் அடித்தது. அக்கா தையல் போடும்போது, "ரெண்டு நாளு உங்க அம்மா ஊட்ல போயி இரும்மா" என்றார்.

"நா இன்னாத்துக்குப் போவணும் சிஸ்டர்? அது எங்க நைனா எனக்குக் கட்டிக் குடுத்த ஊடு. அவந்தான போவணும்" என்றாள் அவள்.

அக்கா நூலை வெட்டினார். "தையல் நனையாம பாத்துக்க" என்றார்.

நான் பக்கத்தில் பஞ்சு பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள்; நான் அடுத்த பஞ்சை எடுத்தேன்.

கை ஆறி வந்த வாரம் அக்கா என்னிடம் நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு வந்தார். "டாக்டர்கிட்டப் பேசிட்டேன். உன்ன டெபுடேஷன்ல அனுப்பறாங்க. சுண்ணாம்புக்குளத்துக்கும் அந்தாண்ட, சின்ன ஆஸ்பத்திரி. நிம்மதியா இருப்ப."

"நான் ஏன்க்கா போகணும்? அவரை அனுப்பச் சொல்லுங்க."

"அவுரு பர்மனென்டு. மேல ஆளுங்களத் தெரிஞ்சவரு. அவர மாத்த முடியாதுடி."

"கேட்டீங்களா?"

அவர் என் துணியையெல்லாம் மடித்துக் கட்ட உதவினார். வழிக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தார். பஸ் ஏற்றிவிட்டு, ஜன்னல் வழியாக என் தலையைத் தடவினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த ஊருக்குப் பழவேற்காட்டிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். மாலையில் கடைசி பஸ் விட்டால் அங்கேயே தங்க வேண்டியதுதான். அக்கா மாதம் இரண்டு ஞாயிறு தவறாமல் வருவார். தூக்குவாளியில் நண்டுக் குழம்பு, என் உள்ளங்கைத் தழும்புக்குத் தடவ ஒரு களிம்பு. "வலிக்குதா? மடக்கிக் காட்டு" என்பார். எனக்கு அந்தக் களிம்பைத் தூக்கி எறிய வேண்டும் போலிருக்கும். குழம்பை மட்டும் மிச்சமில்லாமல் சாப்பிடுவேன்.

அந்த வருஷ மழையில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. பெரிய தொட்டிக்கு மட்டும் பேட்டரி மோட்டார் ஒன்று இருந்தது. பக்கெட்டுகளுக்கு அக்காவும் கணவரும் மாறி மாறிக் குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினார்களாம், காற்று கலக்கட்டும் என்று. ஐந்தில் மூன்று மிதந்தன. கடிக்கிற மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

போனில் இதைச் சொல்லி அழுதார். நான் அழவில்லை. அடுத்த ஞாயிறு நானே கிளம்பிப் போனேன். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தோம். ஒவ்வொரு கல்லாக வெளியே எடுத்தோம். தண்ணீரைப் பாதிக்கு இறைத்து டிரம்மில் சேமித்தோம். கலங்கிய தண்ணீரில் அது மூலைக்கு மூலை பாய்ந்தது. இரண்டு வலையை எதிரெதிரே பிடித்து நெருக்கினோம். அக்காவின் சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. "விட்ரலாம்டி, பாவம், பயப்படுது" என்று இரண்டு தடவை சொன்னார். நான் விடவில்லை. பன்னிரண்டரைக்கு வலையில் விழுந்தது. வெளியே எடுத்ததும் கீச்சென்று கத்தியது. சுண்டுவிரல் அளவில் வந்தது, இப்போது உள்ளங்கை கொள்ளவில்லை. ஏரியில் கொண்டுபோய் விட்டோம். கல்லை வேறு மாதிரி அடுக்கி, தெளிந்த தண்ணீரை ஊற்றி, பக்கெட்டில் மிஞ்சிய இரண்டையும் தொட்டியில் இருந்த இரண்டோடு சேர்த்துவிட்டோம். நாலும் ஒன்றாகச் சுற்றின.

எனக்குப் பெரிய வெற்றி. பஸ்ஸில் வரும்போது தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வாரம் போன். "இப்ப இன்னொண்ணு ஆரம்பிச்சிருச்சிடி. அந்த ஒல்லியா இருந்துதே, பக்கெட்டுல நாலு மாசம் கெடந்துதே, அது."

கடிபட்டு மூலையில் கிடந்ததே கடிக்கிறது. "அதையும் எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். கோபமாக வைத்தேன். ஆனால் அவர் எடுத்தார். இந்தத் தடவை யாரும் துணையில்லாமல், வார ஓய்வு நாளில், ஒரு பகல் முழுக்கக் கல்லைத் தூக்கி வைத்துப் பிடித்திருக்கிறார். அதை என்னிடம் சொன்னபோது, "இடுப்பு போச்சி" என்று மட்டும்தான் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் என் இடத்துக்கு ஒரு பெண் வந்திருந்தாள். என்னைவிடச் சின்னவள், என்னைவிட வாய் உள்ளவள். அவளுடைய நாற்காலியும் போனது. அவள் பின்னறைக்குப் போக மறுத்து, மேலிடத்துக்குப் புகார் எழுதினாள். விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். நான்கு பேரைக் கூப்பிட்டார். மூன்று பேர் தெரியாது என்றார்கள். சிஸ்டரக்கா உள்ளே போனார். அந்தப் பெண்தான் பிறகு எனக்குச் சொன்னாள்: முக்கால் மணி நேரம் வெளியே வரவில்லை. நாற்காலி, மேஜை, ஸ்லைடுத் தட்டு, என் கையில் போட்ட தையல் என்று எல்லாவற்றையும் சொல்லி, எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

பார்மசிஸ்ட்டை மாற்றினார்கள். நான் இருந்த ஆஸ்பத்திரிக்கு.

உத்தரவைக் கேட்டதும் அக்காவுக்குப் போன் செய்தேன். அப்படி நான் யாரிடமும் பேசியதில்லை. "இத்தனை நாள் கழிச்சி வாயத் தொறந்தீங்க. அதுவும் என் தலையில வந்து விடியுது. இதுக்கு நீங்க சும்மாவே இருந்திருக்கலாம்" என்றேன். அக்கா போனை வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை நான் ஆஸ்பத்திரிக் கதவைத் திறக்கப் போனபோது வாசலில் அக்கா நின்றிருந்தார். யூனிபார்ம் இல்லை. சாதாரணக் கைத்தறிச் சேலை. முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். உள்ளே வந்து, நோயாளிகள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்து, மருந்து கொடுக்கும் இடத்துக்கும் என் மேஜைக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

பார்மசிஸ்ட் ஒன்பது மணிக்கு வந்தார். அக்காவைப் பார்த்து நின்றார். "இன்னா சிஸ்டர், உங்களுக்கு இங்க இன்னா வேலை?"

"வேல ஒண்ணும் இல்ல சார். லீவுல கீறேன்."

"லீவுன்னா ஊட்ல இருக்கலாமே."

"இங்க காத்து நல்லா வருது."

அவர் மருந்து கொடுக்கும் இடத்துக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள், லேப் ஃபிரிட்ஜ் சாவி இனிமேல் தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்று கையை நீட்டினார். பழக்கதோஷம், நான் சாவியை எடுத்துவிட்டேன்.

"குடுக்காதடி" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. பார்மசிஸ்ட்டைப் பார்த்து, "அது லேப் ஃபிரிட்ஜ் சார். சாவி அவகிட்டதான் இருக்கணும். வேணும்னா எழுதிக் கேளுங்க" என்றார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நீட்டிய கையைச் சட்டைப்பைக்குக் கொண்டுபோய்ப் பேனாவைத் தேடுகிற மாதிரி தேடினார்.

ஒன்பது நாள் வந்தார் அக்கா. அவருக்கு மிச்சமிருந்த விடுப்பே அவ்வளவுதான். அதன் பிறகு அந்த மனிதர் நாலு மாதம் அங்கே இருந்தார். இரண்டு தடவை கத்திப் பார்த்தார். நான் எழுதிக் கேளுங்கள் என்றேன். அப்புறம் யாரையோ பிடித்துச் சொந்த ஊர்ப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அங்கே யாருடைய நாற்காலியை எடுத்தாரோ தெரியாது. அக்காவும் அடுத்த வருஷம் ஓய்வு பெற்று, கும்மிடிப்பூண்டியில் மகள் வீட்டோடு போய்விட்டார். போனில் பேசுவதும் மெல்லக் குறைந்துபோனது.

அக்கா வந்த ஒன்பதாம் நாள் சாயங்காலம் அவரை பஸ் ஏற்றிவிடப் போனேன். நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இதை அன்னைக்கே செஞ்சிருக்கலாமேக்கா. என் கை கிழிஞ்ச அன்னைக்கு. எழுந்து நின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே."

அக்கா பஸ் வரும் பக்கம் பார்த்தார். பிறகு, "பயமா இருந்துச்சிடி" என்றார்.

"இப்ப?"

"இப்பவும்தான். இந்த ஒம்போது நாளும். தொட்டுப் பாரு" என்று கையை என் முன்னால் நீட்டினார். விரல்கள் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன.

பஸ் வந்தது. அவர் கையை மடக்கிக்கொண்டு ஏறினார். அந்தக் கையை நான் பிடித்துக்கொள்ளவில்லை. அவ்வளவு கோபம் அப்போதும் எனக்கு மிச்சமிருந்தது.